படகு இறக்கும் கலை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாருக்கான கையேடு

வாழ்த்துகள்! உங்களிடம் ஒரு படகு இருக்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்ததாக இருக்கலாம், ஏரி மீன் ஏலம் எடுத்தவர் கழித்துப் போட்டதாக இருக்கலாம், வெள்ள நிவாரணத்துக்கென்று வந்து ஊராட்சி அலுவலகத்துப் பின்பக்கம் கிடப்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் சரி. படகு கிடைத்ததோடு பாதி வேலைதான் முடிந்தது. அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்து கரையில் கட்ட வேண்டும். அந்த மீதிப் பாதியை முழுசாகச் சொதப்புவது எப்படி என்றுதான் இங்கே சொல்லித்தரப் போகிறேன். பயப்படாதீர்கள், புதிதாகக் கற்க அதிகம் இல்லை. பெரும்பாலானவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். கொஞ்சம் வரிசைப்படுத்திக்கொண்டால் போதும்.

1. பெருமையில் தொடங்குங்கள், தண்ணீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர்க்காரர்கள் மனம் தளர வேண்டாம். உங்கள் ஊரில் கடலே இருந்தது. காரை, கொளக்காநத்தம் பக்கம் செம்மண் ஓடைகளில் இறங்கி நடந்தால், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அங்கே நீந்திய அம்மோனைட் உயிரிகளின் சுருள் கல்லாகிக் கிடக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அந்தக் கடல் ஒருநாள் திரும்பி வரும். அதுவரை படகை வெயிலில் போட்டு வையுங்கள்.

உங்களிடம் கொள்ளிடமும் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது ஆற்றங்கரை கூடவே வந்தது. 2001-இல் அரியலூர் பிரிந்தது, 2002-இல் சேர்ந்தது, 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிந்தது. பாகப்பிரிவினையில் கொள்ளிடக் கரை அரியலூர் பங்குக்குப் போய்விட்டது. உங்களுக்கு வடக்கே வெள்ளாறு மிஞ்சியது. அதில் வருஷத்தில் பாதி நாள் படகைவிட மாட்டுவண்டி நன்றாக ஓடும்.

அரியலூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிட்டுப் போனார். இனிமேல் யாராவது வந்து, "ஏங்க, அக்கரைக்குப் போக இறங்குதுறை எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கடாரத்தைக் கைகாட்டுங்கள். கேட்டவர் வெட்கப்பட்டுப் போய்விடுவார்.

2. சரிவாக எதையும் கட்டாதீர்கள்.

படகு இறக்க உலகம் முழுக்க ஒரு சாதாரண வழி வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து தண்ணீருக்குள் போகும் சிமெண்ட் சரிவுதளம். நூறு அடி நீளத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி இறக்கம் இருக்கும். அதற்கு மேல் செங்குத்தானால் வண்டி வழுக்கும், அதைவிடத் தட்டையானால் படகு மிதக்கும் முன்பே வண்டியின் சக்கரம் முழுகிவிடும். பிடிமானத்துக்காகத் தளத்தில் குறுக்கே வரிவரியாகக் காடி வெட்டியிருப்பார்கள். தளத்தின் கடைசி விளிம்பு, கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்குமோ அதற்கும் கீழே போயிருக்கும்.

இதையெல்லாம் படித்தாகிவிட்டதா? சரி, படி கட்டுங்கள்.

கருங்கல் படியாக இருந்தால் உத்தமம். துணி துவைக்க வசதி, திதி கொடுக்க வசதி, சாயங்காலம் உட்கார்ந்து பேச வசதி. படகுக்கு மட்டும்தான் வசதிப்படாது. இறங்கும்போது அதன் அடிவயிறு ஒவ்வொரு படியிலும் இடித்து எண்ணிக்கொண்டே போகும். எத்தனை படி என்று தெரியாதவர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரிவுதளம்தான் வேண்டும் என்று ஊரில் யாராவது அடம்பிடித்தால், சிமெண்டுக்கு நிதி இல்லை என்று சொல்லுங்கள். இதை அரியலூரில் நின்றுகொண்டு சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள், சாலை முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். போய்விட்ட கடல் விட்டுச்சென்ற சிப்பியையும் சுண்ணாம்பையும் அரைத்து மூட்டை கட்டி ஊரூராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்த மூட்டையில் பத்து கொள்ளிடக் கரைக்கு வராது என்று முகத்தை மாற்றாமல் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினால் சீக்கிரம் வரும்.

3. ஆற்று மட்டம் என்றைக்கும் ஒன்றே என்று நம்புங்கள்.

இது முக்கியமான பாடம், நிதானமாகப் படியுங்கள். கொள்ளிடம் காவிரியின் உபரி நீர் போகும் வடிகால். முக்கொம்பில் பிரிகிறது. மேட்டூர் நிரம்பி, கர்நாடகத்தில் மழை கொட்டி, காவிரி தாங்காது என்றால்தான் இந்தப் பக்கம் திறந்துவிடுவார்கள். அதனால் சித்திரையில் பார்த்தால் அக்கரை வரை மணல், நடுவில் ஒரு வாய்க்கால். ஆடி கழிந்து பார்த்தால் அதே இடத்தில் கரையோடு கரை செந்நிறத் தண்ணீர். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலமே சரிந்தது. அடுத்த சில நாளில், 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து போயின.

இப்படிப்பட்ட ஆற்றில் இறங்குதுறை அமைக்க இரண்டு வழி உண்டு. கரையில் அசையாத மேடை கட்டலாம். இல்லையென்றால் காற்றடைத்த பிளாஸ்டிக் டிரம்களின்மேல் பலகை அடித்து, தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவைத் தளம் போடலாம். மட்டம் மாறும் ஆற்றுக்கு மிதவை, மட்டம் மாறாத குளத்துக்கு மேடை என்பது பொறியாளர் கணக்கு. நீங்கள் மாற்றிப் போடுங்கள். மிதவையைக் கொண்டுபோய்க் கோயில் தெப்பக்குளத்தில் விடுங்கள், போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆற்றில் அசையாத மேடையைக் கட்டுங்கள். அதன் உயரத்தைக் கோடையில் அளந்தால் ஆடியில் அது தண்ணீருக்கு அடியில் போய், வரும் படகின் வயிற்றைக் கிழிக்கும். ஆடியில் அளந்தால் கோடையில் அதிலிருந்து மணலுக்கு இறங்க ஏணி வேண்டும். இரண்டில் எது பிடிக்கிறதோ செய்யுங்கள்.

4. உருளை, சக்கரம் இரண்டையும் அண்ட விடாதீர்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பொறுமை இல்லை. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு, கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பலகைக்குப் பலகை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி மணலில் அறைந்தாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரமோ இன்னும் எளிது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்துத் தோளில் தூக்கிப்போய்க் காயவைத்துவிடுவார்கள். இப்போது ஃபைபர் படகு. அடியில் உருளைக்கட்டை கொடுத்துத் தள்ளுகிறார்கள், இல்லாவிட்டால் டிராக்டர் கட்டி இழுக்கிறார்கள். ஒகேனக்கல் பரிசல்காரர் பரிசலையே தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தனி ஆளாக நடந்துபோவார்.

நீங்கள் இப்படிக் குறுக்குவழியில் போகாதீர்கள். படகை முதலில் குட்டியானையில் ஏற்றுங்கள். முக்கால்வாசி பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நுனியில் ஒரு சிவப்புத் துணி. வளைவில் டீக்கடைப் பந்தலை இடித்தால் ஏற்றியது சரி. ஆற்றங்கரையில் நாலு பேர் தூக்க, மீதிப் பேர் யோசனை சொல்ல வேண்டும். "தலைப்பக்கம் தூக்குப்பா" என்று ஒருவர் சொல்லும்போது, எது தலைப்பக்கம் என்பதில் தகராறு வர வேண்டும். அது தீராமல் போனால் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். வாளிப் பல்லில் கயிற்றை மாட்டி, படகை நடுவயிற்றில் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். படகு ஒரு முறை காற்றில் சுழலும். அப்போது எடுக்கும் வீடியோவுக்கு வரும் லைக்கில் ரிப்பேர் செலவை மறந்துவிடலாம்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரெய்லரில் வைத்து, காரைப் பின்னோக்கி ஓட்டிச் சரிவுதளத்தில் இறக்குகிறார்கள். அவர்களும் நம்மைப்போல ஹேண்ட் பிரேக்கை மறந்துவிட்டுக் காரையும் சேர்த்து இறக்குவது உண்டு. சீர்வரிசைச் சாமான் போல எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுவது என்று இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

5. அடைப்பானைத் தொலையுங்கள்.

படகின் பின்பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதற்கு மரை போட்ட ஒரு சின்ன மூடி உண்டு. இறக்கும் முன் திருகி மூட வேண்டும். பெரிய மோட்டார், லைட், ஹாரன் எல்லாம் வாங்கிய கையால் இந்தச் சின்ன மூடியைத் தேடுவது உங்கள் தகுதிக்குக் குறைவு. சைக்கிள் டியூப் துண்டைச் சுருட்டிச் சொருகுங்கள். அதுவும் இல்லையா, துணி. ஆள் ஏறும்வரை துணி தாக்குப் பிடிக்கும். ஆற்றின் நடுவில்தான் நனைந்து கழன்று வரும். காலடியில் ஈரம் பட்டதும் "அலை தெறிக்குது" என்று எல்லாருக்கும் தைரியம் சொல்லுங்கள்.

6. ஆள் கணக்கு.

டைட்டானிக்கில் நல்ல இறக்கு கருவி இருந்தது. வெலின் என்ற சுவீடன்காரர் வடிவமைத்தது. கப்பல் மேல்தளத்தின் ஓரத்தில் வளைந்த இரண்டு கை, கப்பி, கயிறு. படகைத் தூக்கி வெளியே தள்ளிக் கடலில் இறக்கும். 1912-இல் அன்றிரவு கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். படகுகள் 20, இடம் 1,178 பேருக்கு. இருந்த இடத்தையும் நிரப்பாமல் இறக்கினார்கள். முதலாம் எண் படகில் 40 பேர் போகலாம், போனது 12 பேர்.

நாம் அந்தக் கணக்கை நேர் செய்கிறோம். 12 பேர் படகில் 40 பேரை ஏற்றுங்கள். இரண்டு மொபெட், ஒரு ஆடு, கேஸ் சிலிண்டர் எல்லாம் கணக்கில் வராது. லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும், ஆனால் அறையில் பூட்டியிருக்கட்டும். சாவி வைத்திருப்பவர் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டும். திறந்து எடுத்துவிட்டார்கள் என்றால் உட்காரும் பலகைமேல் மெத்தையாகப் போடச் சொல்லுங்கள்.

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போது உச்சுக்கொட்டுங்கள். படித்து முடித்ததும், "நம்ம ஆறு அப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டு ஏறுங்கள்.

7. ஒத்திகைக்குத் தவறாமல் போங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் ஏரியிலோ குளத்திலோ ஒத்திகை நடத்துவார்கள். வாழைமரத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி மிதவை ஆக்குவார்கள். காலித் தண்ணீர் கேன்களை மூடி இறுக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு மிதப்பார்கள். ரப்பர் படகில் காற்றடித்து இறக்கி, மூழ்குபவராக நடிக்கும் சக வீரரை எந்தப் பக்கத்திலிருந்து தூக்கினால் படகு சாயாது என்று செய்து காட்டுவார்கள். வீட்டில் கிடக்கும் சாமானை வைத்து உயிர் பிழைக்கும் வித்தை எல்லாமே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, முன்வரிசையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடிப்பது. பின்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மறைத்தால் இன்னும் நல்லது. கைதட்டுங்கள். வீட்டுக்கு வந்து காலி கேனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

8. கரை சேருங்கள், வேகமாக.

ஆறு கடக்கத் தெரிந்தவர் முதலில் கரையோரமாகவே மேற்கே தள்ளிக்கொண்டு போவார். நீரோட்டம் இழுக்கும் அளவுக்கு மேலே போன பிறகுதான் குறுக்கே விடுவார். அக்கரை நெருங்கும்போது படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்புவார். அப்போது தண்ணீரே பிரேக் பிடித்துக் கொடுக்கும், படகு ஒரு சத்தமும் இல்லாமல் கரையில் ஒட்டும். இதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

நீங்கள் நேராக விடுங்கள். ஓட்டம் உங்களை அரை மைல் கிழக்கே கொண்டுபோய் முள்ளுக்குள் தள்ளும். அப்படியே ஓட்டத்தோடு வந்து மோதுங்கள். துறைமுகங்களில் சுவரோரம் பழைய லாரி டயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள், படகு இடித்தால் அடி படாமல் இருக்க. நமக்கு டயர் வேறு வேலைக்கு வேண்டும். போகிக்கு எரிக்க வேண்டாமா?

மோதுவதற்குப் பத்தடி முன்பே எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பஸ் நிற்கும் முன்பே படிக்கு வந்து நிற்கும் பழக்கம் உள்ளவர்கள், சொல்லாமலே எழுந்துவிடுவார்கள். இளவட்டங்கள் முழங்கால் தண்ணீரில் குதித்து இழுக்கட்டும். அணைக்கரைப் பக்கமாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. தண்ணீர் தேங்குவதால் அங்கே முதலைகள் சுகமாக இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஈரத்துணி காயப்போட அந்தப் பலகை தோதாக இருக்கும்.

9. கட்டுவது.

கயிறு குட்டையாக இருக்கட்டும், இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். ராத்திரி மேலே மதகைத் திறந்தால் தண்ணீர் ஏறும், கயிறு மூக்கைக் கீழே பிடித்துக்கொள்ளும், படகு குனிந்து தண்ணீர் குடிக்கும். தண்ணீர் இறங்கினாலோ காலையில் படகு ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கும். ஏற்ற இறக்கத்துக்குக் கயிற்றில் தளர்வு விட வேண்டும், முன்னும் பின்னும் இரண்டு கயிறு போட வேண்டும் என்று சொல்லும் பெரியவர் ஒருவர் எந்தத் துறையிலும் இருப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

எதில் கட்டுவது? முளை அடிக்காதீர்கள். சீமைக்கருவேலங்கிளை போதும். யாரோ கட்டிய மாட்டு முளை அதைவிட நல்லது. சாயங்காலம் அவர் மாட்டோடு முளையையும் பிடுங்கிக்கொண்டு போவார். ஓரத்தில் நிறுத்திய டிவிஎஸ் வண்டியின் ஸ்டாண்டில் கட்டினால் யார் வண்டி, யார் படகு என்று ஊருக்கே ஒரு வாரம் பேச்சு கிடைக்கும்.

10. பாலத்தைக் காட்டித் தப்பியுங்கள்.

கொள்ளிடத்தின் நடுவே திட்டில் அமைந்த ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கும், கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கும் படகில் போக வேண்டிய அமைப்பு. அங்கிருந்து யாராவது இறங்குதுறை கேட்டு மனு கொடுத்தால், பாலம் வரப்போகிறது, துறை எதற்கு என்று கேளுங்கள். மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் நடுவே வந்ததுபோலப் பாலம் வந்தேவிட்டது என்று வையுங்கள். பாலம்தான் வந்துவிட்டதே, துறை எதற்கு என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் எத்தனை ஆடிப்பெருக்கு போனது என்று யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணுபவர்கள் படகுக்காகக் காத்து நிற்பவர்கள்தான், அவர்களுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

11. சுற்றுலா.

கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்திறங்கும் இடம். கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அதனால் மோட்டார் படகு கேளுங்கள். இறக்கி, முடுக்கி, பறவைகளுக்குப் பக்கத்தில் போங்கள். பக்கத்தில் போகப் போக அவை இல்லாமல் போகும். பறவை இல்லாத ஏரியில் படகை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், இடைஞ்சல் இல்லை.

12. கரையேற்றி வைத்தல்.

வேலை முடிந்ததா? படகைக் கவிழ்த்து வைக்காதீர்கள். கீழே கட்டை கொடுக்காதீர்கள். வாய் மேலே பார்க்கப் போட்டால் ஐப்பசி மழை உள்ளே நிறையும், கொசு வளரும், தவளை குடிவரும். மார்கழியில் பிள்ளைகள் அதில் கல்லெறிந்து விளையாடுவார்கள், தையில் யாராவது வைக்கோல் போடுவார்கள், மாசியில் அடியில் விரிசல் விடும். பங்குனியில் பழுதென்று எழுதி ஏலத்தில் விடுங்கள். ஏலம் எடுத்தவர் துடுப்பைக் கேட்டால், அது தனி விலை என்று சொல்லுங்கள்.